குளிர்காலம் இல்லாத நிலத்தில் ஒயின் திராட்சை

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் குளிர் வந்ததும் திராட்சைக் கொடி இலைகளை உதிர்த்து ஓய்வெடுக்கிறது. வசந்தத்தில் தானாகத் துளிர்க்கிறது. மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் கொடியை அப்படி உறங்கவைக்கும் அளவுக்குக் குளிர் இல்லை. வெட்டாமல் விட்டால் கொடி ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டே போகும். ஆகவே குளிர்காலம் செய்யவேண்டிய வேலையை அங்கே கொடியை வெட்டிவிடும் கவாத்துக் கத்தரி செய்கிறது.

அறுவடை முடிந்தபின் ஏப்ரல் வாக்கில் முதல் கவாத்து நடக்கிறது. அப்போது எழும் தளிர்களில் யாரும் காய் எதிர்பார்ப்பதில்லை. காய்த்தாலும் அது பழுக்கும்போது பருவமழை கொட்டும். ஆனால், அடுத்த விளைச்சல் எவ்வளவு என்பது அந்தத் தளிர்களின் கணுக்களில்தான் முடிவாகிறது. ஒவ்வொரு மொட்டுக்குள்ளும் தோன்றும் நுண்ணிய திசுத்திரள் பூங்கொத்தாகவும் வளரலாம், வெறும் பற்றுக்கம்பியாகவும் வளரலாம். போதிய வெயிலும் சைட்டோகைனின் என்னும் ஹார்மோனும் கிடைத்தால் அது பூங்கொத்தாகிறது. இலை நெருக்கத்தின் நிழலில் கிடந்தால் பெரும்பாலும் பற்றுக்கம்பியாகிவிடுகிறது. கோடையில் தளிர்களைக் களைந்து வெளிச்சத்துக்கு வழிவிடும் உழவர், பல மாதங்கள் கழித்து வரப்போகும் குலைகளை அப்போதே உருவாக்குகிறார் என்பதே இந்தச் சாகுபடியில் என்னை மிகவும் வியக்கவைப்பது.

செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும் இரண்டாம் கவாத்தின் தேதியைக் குறிப்பதுதான் கடினம். முன்கூட்டியே வெட்டினால், பின்தங்கிய மழையில் நனையும் இளந்தளிர்களை அடிச்சாம்பல் நோய் தாக்கும். தாமதித்தால் மார்ச் மாத வெப்பத்தில் பழம் பழுக்கும். உண்ணும் திராட்சைக்கு அந்த வெப்பம் இனிப்பைக் கூட்டும். ஒயினுக்கோ அமிலமும் வேண்டும். பழத்தில் முதன்மையாக இருப்பவை டார்டாரிக், மாலிக் ஆகிய இரண்டு அமிலங்கள். பழுக்கும் பழம் தன் சுவாசத்துக்கு மாலிக் அமிலத்தைச் செலவழிக்கிறது. வெப்பம் ஏற ஏற அந்தச் செலவும் கூடுகிறது. சனவரி இரவுகளின் குளிர் அதைத் தடுத்து வைப்பதால்தான், பழுக்கும் காலம் அந்த இரவுகளோடு பொருந்துமாறு கவாத்தைத் திட்டமிடுகிறார்கள்.

அமிலம் குறைந்த சாறு சுவையில் மட்டும் மந்தமாவதில்லை, எளிதில் கெட்டும் போகிறது. ஒயினைக் காக்கச் சேர்க்கும் கந்தக டைஆக்சைடில் நுண்ணுயிர்களைக் கொல்லும் வடிவத்தின் பங்கு, சாற்றின் பிஎச் (அமிலம் குறையக் குறைய ஏறும் அளவு) 3.2 ஆக இருக்கும்போது ஏறத்தாழ 4 விழுக்காடு, பிஎச் 3.8 ஆனால் அது 1 விழுக்காடாகச் சரிகிறது. எனவே தேவைப்படும்போது நொதித்தலுக்கு முன்பே டார்டாரிக் அமிலத்தைச் சேர்த்துச் சமன்செய்கிறார்கள்.

அடுத்த இடர் நொதித்தலில் பிறக்கும் வெப்பம். ஈஸ்ட், ஒரு லிட்டர் சாற்றில் உள்ள சுமார் 17 கிராம் சர்க்கரையிலிருந்து 1 விழுக்காடு ஆல்கஹாலை உண்டாக்கும்போது கார்பன் டைஆக்சைடு வாயுவும் வெப்பமும் வெளிவருகின்றன. தொட்டி சூடேறினால் வெள்ளை ஒயினின் மணம் வாயுவோடு வெளியேறிவிடும். மேலும் சூடேறினால் ஈஸ்டே தளர்ந்து, சர்க்கரை மிஞ்சிய நிலையில் நொதித்தல் நின்றுபோகும். பழத்தை விடியுமுன் பறிப்பதும், வெள்ளை ஒயின் தொட்டிகளைச் சுமார் 15 டிகிரி செல்சியசில் குளிர்வித்து வைப்பதும் இதனால்தான்.

இவ்வளவுக்கும் மேலாக, எந்த இரகத்தை நடுவது என்பதும் முக்கியம். லுவாரைச் சேர்ந்த ஷெனின் பிளாங்க் வெப்பத்திலும் தன் அமிலத்தை ஓரளவு விடாமல் வைத்திருப்பதால் நாசிக்கின் வெள்ளை ஒயின்களில் முக்கிய இடம் பெற்றிருக்கிறது.