சூரியன் மறைவதற்குள் கிஸ்தி: வங்காளத்து நில ஏலங்கள் எப்படி நடந்தன?

1797ல் வங்காளத்தின் பர்த்வானில் ஒரு பெரிய ஏலம் நடந்தது. பர்த்வான் ராஜா கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய நிலவரிப் பாக்கி ஏறிக்கொண்டே போனதால் அவருடைய மகால்கள் (வரி வசூல் வட்டாரங்கள்) பலவற்றை விற்பனைக்கு வைத்தார்கள். ஏலம் கேட்கப் பலர் வந்தார்கள். அதிகம் கேட்டவர்கள் பேருக்கு மகால்கள் முடிந்தன. அப்புறம்தான் கலெக்டருக்கு விஷயம் தெரிந்தது. எடுத்தவர்களில் பலர் ராஜாவின் வேலையாட்களும் ஏஜெண்டுகளும். அந்த ஏலத்தில் நடந்த விற்பனையில் 95 சதவீதத்துக்கும் மேல் பொய் விற்பனை.

ராஜா கெட்டிக்காரர் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் அந்த ஏலத்தின் விதிகளே இப்படி ஒரு முடிவுக்கு இடம் கொடுத்தன. ஏலம் என்பது ஓர் இயந்திரம்தான். உள்ளே யார் வருகிறார்கள், யாருக்கு என்ன தெரியும், எந்தத் தேதியில் யார் கையில் பணம் இருக்கும் என்பதைப் பொறுத்துதான் விலை வெளியே வருகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த ஏலங்களில் விற்றது வயல் அல்ல. ஒரு வட்டாரத்துக் குடியானவர்களிடம் குத்தகை வசூலிக்கும் உரிமையும், அதிலிருந்து அரசுக்கு வரி கட்டும் கடமையும்தான் கைமாறின. உழுதவர் அதே வயலில்தான் உழுதுகொண்டிருந்தார், அவரிடம் வசூலிக்க வரும் ஆள்தான் மாறினார். ஆகவே ஏலத்தில் போன ஒவ்வொரு கூடுதல் ரூபாயும் கடைசியில் யார் தலையில் விழுந்திருக்கும் என்று யோசிப்பது கடினமல்ல.

கம்பெனி இதை முதலில் செய்து பார்த்தது 1772ல். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்துபோயிருந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்கு மடிந்ததாக வங்காள கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸே கணக்குச் சொன்னார். அந்த நிலைமையில், எந்த நிலம் எவ்வளவு தரும் என்பது கம்பெனிக்குத் தெரியவில்லை. ஏலத்தில் விட்டால் கேட்பவர்களே உண்மையான மதிப்பைச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்து, வரி வசூல் உரிமையை ஐந்து வருடக் குத்தகைக்கு விட்டார்கள்.

இந்த எதிர்பார்ப்பு எங்கே தவறுகிறது என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு மகால் வருடத்துக்கு 1,000 ரூபாய் தரும் என்று வைத்துக்கொள்வோம். அது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஐந்து பேர் மதிப்பிடுகிறார்கள்: 800, 900, 1,000, 1,100, 1,200. சராசரி சரியாகவே இருக்கிறது. ஆனால் ஏலம் சராசரிக்கு முடிவதில்லை, 1,200 என்று மதிப்பிட்டவரிடம்தான் போய்ச் சேரும். அவரை விலக்க அடுத்தவர் 1,100 வரை ஏற்றிவிடுவார் என்பதால், ஜெயித்தவர் வருடா வருடம் 100 ரூபாய்க்கு மேல் நஷ்டப்படுவார். போட்டிக்கு இன்னும் ஐந்து பேர் வந்தால் மதிப்பீடு இன்னும் தவறிய ஒருவர் ஜெயிக்க வாய்ப்பு அதிகம். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைகளை ஏலம் எடுத்த கம்பெனிகள் இப்படியே அடிபட்டதை 1971ல் மூன்று பொறியாளர்கள் எழுதிக் காட்டினார்கள். ஜெயித்தவருக்கு வரும் இந்தச் சாபத்தையும் கணக்கில் எடுத்து ஏல விதிகளை ஆராய்ந்த பால் மில்க்ரமுக்கும் ராபர்ட் வில்சனுக்கும் 2020ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

வங்காளத்தில் இதைவிட மோசமான ஒன்றும் சேர்ந்துகொண்டது. இழக்கச் சொத்து இல்லாத ஆளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கத் தைரியம் வரும். வசூலாகும் வரை கசக்கிவிட்டு, முடியாதபோது ஓடிவிடலாம். பரம்பரையாக அந்த ஊரில் இருப்பவர், அடுத்த தலைமுறையையும் நினைத்து நிதானமாகக் கேட்பார், அதனாலேயே தோற்பார். கம்பெனி அதிகாரிகளுக்குத் துபாஷி போல மொழிபெயர்ப்பும் வியாபாரமும் பார்த்த பனியாக்களும் இந்தக் குத்தகைகளை எடுத்தார்கள். ஹேஸ்டிங்ஸின் பனியா கிருஷ்ணகாந்த நந்தியும் அவர்களில் ஒருவர். பாக்கி மலைபோலக் குவிந்தது. 1777ல் ஐந்து வருடக் கெடு முடிந்ததும் வருடாந்திர ஒப்பந்தத்துக்கே திரும்பினார்கள்.

1793ல் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர ஒப்பந்தம் இதற்கு மருந்தாக வந்தது. வரித்தொகை என்றென்றைக்கும் ஒன்றுதான், ஏறவே ஏறாது. விளைச்சலைப் பெருக்கினால் லாபம் முழுக்க ஜமீன்தாருக்கு. குத்தகையில் 11ல் 10 பங்கு கம்பெனிக்கு, 1 பங்கு ஜமீன்தாருக்கு என்று கணக்குப் போட்டு வரியை நிர்ணயித்தார்கள். குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் வரித் தவணையான கிஸ்தியைக் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். மழை பொய்த்தது, வெள்ளம் வந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. சூரியாஸ்தமனச் சட்டம் என்ற பேர் வந்தது அதனால்தான். கையாலாகாதவரிடமிருந்து திறமைசாலியிடம் நிலம் தானாகவே போய்ச் சேரும் என்பதுதான் இதன் பின்னால் இருந்த நம்பிக்கை.

நடந்தது வேறு. 1790களில் விளைபொருள் விலை விழுந்து கிடந்தது. குடியானவர் கையில் காசில்லை, ஜமீன்தாருக்கு வசூல் இல்லை. ஒரு ஜமீன்தார் மட்டும் தவறினால் பக்கத்து ஜமீன்தார் நல்ல விலைக்கு எடுப்பார், அந்த நிலத்தின் அருமை அவருக்குத் தெரியும். ஆனால் விலை விழுந்த வருடத்தில் அவரும்தான் பாக்கி வைத்திருக்கிறார். நிலத்தை நன்றாக அறிந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் பணமில்லாமல் நிற்க, ரொக்கம் வைத்திருப்பவர் யாரோ அவர் சொல்வதே விலை. விலை விழுந்தால் அதே பாக்கியை அடைக்க இன்னும் அதிக நிலத்தை விற்க வேண்டும். அதிக நிலம் சந்தைக்கு வந்தால் விலை மேலும் விழும். இன்று வங்கி நெருக்கடிகளை விளக்கும்போது பொருளாதார அறிஞர்கள் சொல்லும் அதே சுழல் இது. 1794 முதல் 1807 வரை வங்காளத்திலும் பீகாரிலும் அரசு வருவாயில் சுமார் 41 சதவீதம் தரும் நிலங்கள் ஏலத்தில் கைமாறின. பல நூற்றாண்டுகள் ஆண்ட விஷ்ணுபூர் ராஜாக்களின் ஜமீன் 1806ல் பாக்கிக்காக ஏலத்தில் போனது. எடுத்தவர் பர்த்வான் ராஜா.

அப்போ யார் வாங்கினார்கள்? வியாபாரிகள் இருந்தார்கள், வசதியான ரயத்துகள், அதாவது குடியானவர்கள், இருந்தார்கள். ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஜமீன் கச்சேரியின், அதாவது அலுவலகத்தின், கணக்கர்களான அமலாக்கள். எந்த ஊர் எவ்வளவு தரும் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அவர்களைப் பொறுத்தவரை ஜெயித்தவர் சாபம் என்று ஒன்று கிடையாது, மற்றவர்கள் குத்துமதிப்பாகக் கேட்கும்போது இவர்கள் கணக்கைப் பார்த்துக் கேட்டார்கள். இன்னொரு வசதியும் இருந்தது. பெரிய ஜமீனில் பாக்கிக்கு ஈடான துண்டை மட்டும் பிரித்து விற்கும்போது, மொத்த வரியையும் விற்ற துண்டுக்கும் மீதிக்குமாகப் பங்கிட வேண்டும். பங்கிடுவதற்கான கணக்கு வருவது இதே அமலாக்களிடமிருந்து. நல்ல துண்டுக்கு வரியைக் குறைத்து எழுதிவிட்டால், வாங்குபவருக்கு அந்தச் சலுகை என்றென்றைக்கும் நிலைக்கும், ஏனென்றால் வரிதான் நிரந்தரமாயிற்றே! வரிச்சுமை ஏறிய மீதித் துண்டு அடுத்த கிஸ்திக்குத் தவறும்.

இப்போது பர்த்வானுக்கு வருவோம். ராஜா வரியை வேண்டுமென்றே கட்டாமல் விடுவார். ஏலம் வரும். அவருடைய ஆட்கள் மற்ற எல்லோரையும்விட உயர்த்திக் கேட்டு எடுப்பார்கள். அப்புறம் பணம் கட்ட மாட்டார்கள். மறுபடி ஏலம், மறுபடி அதே ஆட்கள். அதற்குள் பாக்கி ஏறும், கலெக்டர் அலுத்துப்போவார், வெளியூர்க்காரர்கள் வருவதை நிறுத்துவார்கள். கடைசியில் குறைந்த விலைக்கு அது ராஜாவிடமே திரும்பும். பெண்களின் சொத்தைக் கம்பெனி எடுக்காது என்பதால், ஜமீனின் ஒரு பகுதியை முன்கூட்டியே தாயார் பேருக்கு மாற்றியும் வைத்திருந்தார். உண்மையாகவே வெளியாள் யாராவது எடுத்துவிட்டால், சுவாதீனம் எடுக்க வந்தவரின் ஆட்களை லத்தியல்கள் என்ற தடியாட்கள் அடித்து விரட்டினார்கள். 1793 முதல் 1801 வரை பர்த்வான் உட்பட நான்கு பெரிய ஜமீன்கள் செய்த பினாமிக் கொள்முதல் மட்டும் 30 லட்சம் ரூபாய்.

பிறகு பர்த்வான் ராஜா கம்பெனியின் முறையையே தன் ஜமீனுக்குள் கொண்டுவந்தார். நிலத்தைப் பத்தனி தாலுகாக்களாகப் பிரித்து நிரந்தரக் குத்தகைக்குக் கொடுத்தார். பத்தனிதார் பாக்கி வைத்தால் அவருடைய உரிமை ஏலத்துக்குப் போகும். 1819ம் ஆண்டின் 8ம் ரெகுலேஷன் இதைச் சட்டமாக்கியது. பத்தனிதாருக்குக் கீழே இன்னொருவர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று ஏணி நீண்டது. ஏணியின் அடியில் நின்ற ரயத் அத்தனை பேருக்கும் சேர்த்து விளைவித்தார்.

நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரமான பாராமகாலில் கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1792 முதல் வயல் வயலாக அளந்து ரயத்துகளோடு நேரடியாகக் கணக்கு வைத்திருந்தார்கள். 1802க்குப் பிறகு அதை ஓரங்கட்டிவிட்டு, சேலம், செங்கல்பட்டு, திண்டுக்கல் பகுதிகளில் நிலத்தை வருடம் 1,000 முதல் 5,000 பகோடா (அக்காலப் பொன் நாணயம்) வரை வருவாய் தரும் மிட்டாக்களாகப் பிரித்து, அதிகம் கேட்டவருக்கு ஏலம் விட்டார்கள். அளவுக்கு மீறிக் கேட்டு எடுத்த மிட்டாதார்கள் பலர் சில வருடங்களிலேயே கவிழ்ந்தார்கள், மிட்டாக்கள் அரசிடமே திரும்பின. மன்றோ 1820ல் சென்னை கவர்னராக வந்தபின், ரயத்தே நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறை நிலைபெற்றது.

ரயத்துவாரியிலும் ஏலம் ஒழியவில்லை. ஜமீன்தாருக்குப் பதில் ஒவ்வொரு பட்டாதாரும் நேரடியாக ஜப்திக்கு உட்பட்டவர் ஆனார். 1864ம் ஆண்டின் சென்னை வருவாய் வசூல் சட்டத்தைப் படித்தால் பழைய பாடங்கள் வரிவரியாகத் தெரிகின்றன. விற்பனைக்கு ஒரு மாதம் முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும், ஊரில் தண்டோரா போட வேண்டும். எடுத்தவர் அங்கேயே 15 சதவீதம் கட்ட வேண்டும், மீதியை 30 நாளில் செலுத்த வேண்டும். தவறினால் முன்பணம் போய்விடும். அந்த 15 சதவீதத்தையே கட்டாவிட்டால் மறு ஏலம் நடக்கும், அதில் விலை குறைந்தால் அந்த நஷ்டத்தை முதலில் கேட்டவரிடமே வசூலிப்பார்கள். பர்த்வான் ராஜாவின் ஆட்கள் இந்த விதியின் கீழ் இரண்டாவது முறை கேட்க வந்திருக்க மாட்டார்கள். ஆனால் மழை பொய்த்த வருடத்தில் ஊரே பாக்கி வைத்திருக்கும்போது யார் கையில் ரொக்கம் இருக்கும் என்ற கேள்விக்கு இந்த விதிகளில் பதில் இல்லை. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.