சிங்கப்பூரிலிருந்து காரில் ஜோகூர்: வேலூரிலேயே பார்த்துவைக்க வேண்டியவை

சிங்கப்பூரில் மகன் வீட்டுக்கோ சுற்றுலாவுக்கோ போகிறவர்களில் பலருக்கு, அங்கே போய் இறங்கிய பிறகுதான் 'பக்கத்தில்தானே மலேசியா, ஒருநாள் டாக்சியில் போய்வரலாமே' என்று தோன்றும். சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குச் சிக்கல் போகும்போது வருவதில்லை, திரும்பும்போதுதான்.

மலேசியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை போகலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். ஏஜென்ட் வாங்கித் தந்த இ-விசாவில் 'மல்டிபிள் ஜர்னி' (பலமுறை போய்வரலாம்) என்று இருக்கிறதா என்று ஊரிலேயே பாருங்கள். 'சிங்கிள்' என்றால் சென்னையிலிருந்து போய் இறங்கியதோடு அது தீர்ந்தது. ஜோகூர் போய்விட்டால் புது விசா இல்லாமல் சிங்கப்பூருக்குள் விடமாட்டார்கள், பெட்டி அங்கே இருந்தாலும் சரி. பாஸ்போர்ட்டிலும் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும்.

விசா போக, நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பும் வருகை அட்டையும் உண்டு. மலேசியாவுக்கு எம்.டி.ஏ.சி., சிங்கப்பூருக்கு எஸ்.ஜி. அரைவல் கார்டு. சிங்கப்பூர் அட்டையை விமானத்தில் வந்தபோதே நிரப்பியிருந்தாலும், ஜோகூரிலிருந்து திரும்பும்போது மறுபடி நிரப்ப வேண்டும். இதை மறந்தவர்கள்தான் வரிசையில் நின்றபடி போனைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் இலவசம். பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல.

பெயரில் கவனம். நம் லைசென்சில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக நீண்டிருக்கும். படிவங்களில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து போடுங்கள்.

டாக்சி என்றால் எல்லை தாண்ட உரிமம் பெற்ற டாக்சியாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் குயீன் ஸ்ட்ரீட் பக்கம் பான் சான் நிலையத்தில் கிடைக்கும்; லிட்டில் இந்தியாவிலிருந்து தூரமில்லை. மெசேஜில் பேசி வீட்டு வாசலுக்கே வரும் சொந்தக் கார்களில் பல உரிமமில்லாதவை. பிடிபட்டால் வண்டி பறிமுதலாகும், நீங்கள் மூட்டை முடிச்சோடு நடுவழியில் நிற்பீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. காரில் இருக்கும் வசதி, பஸ்காரர்கள் மாதிரி இரண்டு பக்கமும் இறங்கி ஏற வேண்டாம். கண்ணாடியை இறக்கி, பாஸ்போர்ட்டுகளை உறையிலிருந்து உருவி ஒன்றாகக் கொடுத்தால் போதும். வெள்ளி மாலை, சனிக்கிழமை, பள்ளி விடுமுறை நாட்களில் இந்த ஒரு கிலோமீட்டருக்கு மணிக்கணக்கில் ஆகும்.

சொந்தமாக ஓட்டப்போகிறவர்களுக்கு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் தேவை. மத்திய அரசின் 'சாரதி' இணையதளத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா நகல்கள். செல்லுபடி ஓராண்டு, லைசென்ஸ் அதற்குமுன் முடிந்தால் இதுவும் முடியும். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை நினைவில் வையுங்கள்: லைசென்சில் பழைய வேலூர் மாவட்ட முகவரி, வீடு இப்போது ராணிப்பேட்டையில் என்றால், எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். டிக்கெட் போட்ட வாரத்தில் அலைய நேரமிருக்காது.

பெர்மிட் உங்களுக்குத்தான், வண்டிக்கு அல்ல. சிங்கப்பூர் வாடகைக் காரை மலேசியாவுக்குள் கொண்டுபோக நிறுவனத்தின் எழுத்து அனுமதி வேண்டும். வண்டிக்கு வி.இ.பி. பதிவும் (வெளிநாட்டு வண்டிகள் மலேசியாவுக்குள் நுழைய அனுமதி) இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம்; 2025 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கிளம்பும்போது டேங்கில் முக்கால் அளவு பெட்ரோல் இல்லையென்றால் சிங்கப்பூர்ச் சுங்கம் திருப்பி அனுப்பும், அபராதமும் போடும். மலேசியாவில் மலிவாக விற்கும் ரான் 95 பெட்ரோல் வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்குக் கிடையாது. ரான் 97 தான் போட வேண்டும்.

திரும்பும்போது சிகரெட் ஒன்றே ஒன்று என்றாலும் சிங்கப்பூரில் வரி உண்டு, சலுகை அளவே கிடையாது. மெல்லும் புகையிலை முழுத் தடை. தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் புகையிலைப் பொட்டலம் இருந்தால் அதை வேலூரிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.