டச்சு மெழுகுச் சீட்டி

பிரிட்டிஷ்-நைஜீரியக் கலைஞர் யின்கா ஷோனிபாரேயின் சிற்பங்களைப் பற்றிய தமிழ்க் குறிப்பு ஒன்றில், அவை உடுத்தியிருக்கும் துணியை 'ஆப்பிரிக்கப் பாரம்பரியத் துணி' என்று எழுதியிருப்பதை மறுபடியும் படித்தேன். இந்த மூன்று சொற்களும் அந்தக் கலைஞர் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் செய்தியைத் தலைகீழாக்கிவிடுகின்றன.

அவர் 1962இல் லண்டனில் பிறந்து நைஜீரியாவின் லாகோஸில் வளர்ந்தவர். லண்டனில் ஓவியம் பயின்ற நாளில் சோவியத் சீர்திருத்தமான பெரஸ்த்ரோய்காவை வைத்து வரைந்துகொண்டிருந்தார். அசலான ஆப்பிரிக்கக் கலையைச் செய்யக் கூடாதா என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். 'அசல்' என்பது என்ன என்று தேடி லண்டனின் பிரிக்ஸ்டன் சந்தைக்குப் போனவருக்கு, அங்கே 'ஆப்பிரிக்கத் துணி' என்று விற்றதன் பூர்வீகம் வேறாக இருந்தது. ஜாவாவில் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் போலி செய்து, பிறகு மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றுப் பெரும் சந்தை பிடித்த சரக்கு அது. நெதர்லாந்தின் ஹெல்மண்ட் நகரில் 1846இல் தொடங்கிய விலிஸ்கோ ஆலை இன்றும் அதைத் தன் பெயரில்லாமல் விற்பதில்லை; துணியின் விளிம்பிலேயே 'அசல் ஹாலந்து மெழுகு' என்ற பொருளில் பிரெஞ்சில் அச்சிட்டிருக்கும். அந்த விளிம்பைப் பார்த்த எவரும் 'பாரம்பரியத் துணி' என்று எழுத மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் இதை 'டச்சு வாக்ஸ்' என்பார்கள். வாக்ஸ் என்றால் மெழுகு. அவ்வளவுதான் சொற்பிறப்பு.

சிக்கல் தமிழாக்கத்தில். கொஞ்சம் கவனமாக எழுதுபவர்கள் 'மெழுகுத் துணி' என்கிறார்கள். இதையும் நான் ஏற்கவில்லை. மெழுகுத் துணி என்றால் நீர் இறங்காதபடி மெழுகு பூசிய துணி என்றுதான் தமிழ்க் காது கேட்கும். தரையைச் சாணியால் மெழுகுகிறோம். பூசியது அங்கேயே இருக்கும். இங்கே நடப்பது நேர் எதிர். சாயம் ஏறக் கூடாத இடத்தில் மெழுகை வைத்து, சாயத்தில் முக்கி, பின் மெழுகை நீக்கிவிடுவார்கள். ஆலையில் மெழுகுக்குப் பதில் பிசின். உருளைகள் அதைத் துணியின் இரு பக்கமும் பதிக்கும். பிசின் வெடித்த இடங்களில் சாயம் கசிந்து நரம்புபோன்ற கோடுகள் விழும். கைக்கு வரும் துணியில் மெழுகும் இல்லை, பிசினும் இல்லை. அந்தக் கோடுகள்தான் இருக்கின்றன. இல்லாத பொருளைப் பெயரின் முன்னால் நிறுத்திவிட்டு, அச்சிட்ட துணி என்ற செய்தியை விட்டுவிடுகிறது இந்தச் சொல்.

இலங்கையில் புழங்கும் 'பத்திக்' போதாதா என்றால், அது கையால் மெழுகு எழுதும் வேலை. ஆலையில் செய்த போலியை அந்தப் பெயரால் அழைப்பது கைவினைஞருக்குச் செய்யும் அநீதி.

அச்சிட்ட பருத்தித் துணிக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: சீட்டி. பாட்டிமார் சீட்டிப் பாவாடை தைத்துத் தந்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்த சொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். நம் பாட்டிமார் வாயில் ஊறிய சொல்லை விலக்கி 'அச்சுப்பருத்தியாடை' என்று புனைவதால் தெளிவு கூடாது. பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர் கப்பலேற்றியவற்றில் இப்படிப்பட்ட துணிகளும் உண்டு. ஊதும் சீட்டியோடு குழம்புமோ என்றால், மெழுகு என்ற முன்னொட்டு அதைத் தீர்த்துவிடும். ஆகவே 'டச்சு மெழுகுச் சீட்டி': யார் செய்தது, எம்முறையில், என்ன வகைத் துணி என்ற மூன்றும் வந்துவிடுகின்றன.

மொழிபெயர்ப்பாளர்கள் 'பாரம்பரிய' என்ற அடைமொழியை எங்கும் தூவுகிறார்கள். ஆப்பிரிக்கா என்று வந்தால் கை தானாகவே அதை எழுதிவிடுகிறது. ஷோனிபாரேயின் 2003ஆம் ஆண்டுப் படைப்பொன்றில், ஆப்பிரிக்க வரைபடம் பதித்த மேசையைச் சுற்றித் தலையில்லாத 14 பேர் அமர்ந்து கண்டத்தைப் பங்கு போடுகிறார்கள். 1884–85இல் ஐரோப்பிய நாடுகள் பெர்லினில் கூட்டிய மாநாடு அது. ஐரோப்பிய வெட்டில் தைத்த அவர்களின் கோட்டுகள் இந்தச் சீட்டியில் ஆனவை. அதன் தமிழ்க் குறிப்பில் 'பாரம்பரிய உடையணிந்த ஆப்பிரிக்கர்கள்' என்று வந்தால், பங்கு போட்டவர்களே பறிகொடுத்தவர்கள் ஆகிவிடுவார்கள். 'டச்சு மெழுகுச் சீட்டியில் தைத்த ஐரோப்பியக் கோட்டுகள்' என்று எழுதுங்கள்.