ஐரிஷ் முன்னோரைத் தேடுகிறீர்களா? முதலில் ஊரைப் பிடியுங்கள்

"எல்லாம் 1922லயே எரிஞ்சு போச்சாமே, இனிமே என்னத்தைத் தேட?" அயர்லாந்து வேர்களைத் தேடி என்னிடம் வருகிறவர்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

எரிந்தது உண்மைதான். உள்நாட்டுப் போர் தொடங்கியதுமே, ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் பெரும்பாலும் அதில் போயின. ஆனால் 1861, 1871 தாள்களை அதற்கு வெகுகாலம் முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகின. பழி மட்டும் மொத்தமாகத் தீயின் தலையில்!

கத்தோலிக்க ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே, அதாவது உள்ளூர்த் தேவாலயங்களிலேயே, இருந்ததால் தப்பின. தேசிய நூலகம் 2015 முதல் அவற்றை இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. சரி, எந்தப் பங்கில் தேடுவது? சிக்கலே இங்கேதான். மர்ஃபி என்ற பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஊருக்கு ஊர் மர்ஃபிகள். 'டவுன்லேண்ட்' எனப்படும் மிகச் சிறிய நிலப் பிரிவுகள் அங்கே 60,000க்கும் மேல். அதன் பெயர் கிடைத்தால், 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டில் யார் எந்த நிலத்தில் இருந்தார் என்று பார்க்கலாம்.

அந்த டவுன்லேண்ட் பெயர் பெரும்பாலும் அயர்லாந்தில் கிடைக்காது. போய்ச் சேர்ந்த நாட்டில்தான் கிடைக்கும். கல்லறைக் கல், அங்கே நடந்த கல்யாணத்தின் கோயில் பதிவு, பழைய பத்திரிகையின் 'காணவில்லை' விளம்பரம் என்று துழாவ வேண்டும். நம்மூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது ஓய்வூதியத் தேடல் படிவங்கள். 1909 ஜனவரியில் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. எல்லோருக்குமான பிறப்புப் பதிவே 1864இல்தான் தொடங்கியது. கிழவர்கள் சான்றிதழுக்கு எங்கே போவார்கள்? பெற்றோர் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்தால், குமாஸ்தா 1841, 1851 கணக்கெடுப்பைப் புரட்டி, கண்டதைப் படிவத்தில் குறிப்பார். கணக்கெடுப்பு எரிந்துவிட்டது, அந்தக் குறிப்புகள் பிழைத்துக்கொண்டன.

அதே ஓய்வூதியத்தால், தப்பிப் பிழைத்த 1901, 1911 கணக்கெடுப்புகளுக்கு இடையில் பலருக்குப் பத்து வயதுக்கு மேலேயே ஏறியிருக்கும். வயது ஒத்துப்போகவில்லை என்று சரியான ஆளைத் தள்ளிவிடாதீர்கள். இந்த இரண்டு கணக்கெடுப்புகளும் இலவசம். காசு கொடுத்து வாங்காதீர்கள். அப்புறம், குடும்பப்பெயருக்கென்று விற்கும் கேடயச் சின்னம். அது தனி ஆளுக்கு வழங்கப்படுவது, பெயருக்கு அல்ல. சுவரில் மாட்டுங்கள், ஆதாரம் என்று என்னிடம் கொண்டுவராதீர்கள்.