கிரெலினின் எட்டுக் கார்பன் வால்

பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பசி ஹார்மோனைத் தடுத்து எலி குண்டாகாமல் செய்துவிட்டார்களாமே, அந்த மருந்து இங்கே கிடைக்குமா?" கிடைக்காது. ஏன் என்று புரிய, அந்த ஹார்மோனின் வாலைப் பார்க்க வேண்டும்.

அதன் பெயர் கிரெலின். 1999இல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். வயிறு காலியானதும் இரைப்பையில் சுரந்து, மூளையின் ஹைப்போதலாமஸில் பசியைத் தூண்டும். 28 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. மூன்றாவதாக இருக்கும் செரீனில் எட்டுக் கார்பன் கொழுப்பு அமிலம் ஒன்று வாலாக ஒட்டியிருக்கும். வால் இல்லையென்றால் ஹார்மோனை உணரும் மூளையின் ஏற்பி கிரெலினைக் கண்டுகொள்ளாது. சாப்பாட்டில் வரும் கொழுப்பிலிருந்தே உடல் இந்த வாலை எடுத்து ஒட்டக்கூடும். தேங்காய் எண்ணெயில் அதே அமிலம் சுமார் 7 சதவீதம் இருக்கிறது!

ஆய்வகத்தில் பாடாய்ப் படுத்துவதும் இந்த வால்தான். ரத்தம் எடுத்த உடனே ஐஸில் வைத்து, நொதித் தடுப்பான் சேர்த்து, பிளாஸ்மாவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலக்காவிட்டால் வால் கழன்றுவிடும். அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.

வாலை ஒட்டுவது யார்? கோட் (GOAT) என்ற நொதி. 2008இல் பிரவுன், கோல்ட்ஸ்டீன் குழு உட்பட இரண்டு குழுக்கள் இதைப் பிடித்தன. "இதனால் என்ன லாபம்" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதிக் குழுக்கள் இப்படிப்பட்ட தேடலுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். 2010இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அந்த நொதிக்கு ஒரு பொறி செய்தார்கள். கிரெலினின் முதல் 10 அமினோ அமிலங்களையும், வாலைச் சுமந்துவரும் கோஎன்சைம்-ஏ துண்டையும் ஒரே மூலக்கூறாக இணைத்து, செல்லுக்குள் நுழைய ஒரு பெப்டைடையும் (சிறு அமினோ அமிலச் சங்கிலி) சேர்த்தார்கள். நொதி அதைப் பற்றிக்கொள்ளும், வேலை நின்றுவிடும். கொழுப்புத் தீனி தின்ற சுண்டெலிகளுக்கு வயிற்றறைக்குள் இதை ஊசியாகப் போட்டபோது எடை ஏறுவது குறைந்தது. கிரெலினே இல்லாமல் பிறந்த எலிகளுக்கும் போட்டுப் பார்த்தார்கள். எந்த மாற்றமும் இல்லை. மருந்து வேறு வழியில் வேலை செய்யவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் மாத்திரையாக விழுங்கினால் இந்தப் பெப்டைடு செரித்துப்போகும். பருமனானவர்களின் ரத்தத்தில் கிரெலின் ஏற்கெனவே குறைவு. பிறவியிலேயே கிரெலின் இல்லாத எலிகளும் ஏறக்குறைய வழக்கம்போலவே தின்கின்றன. பசிக்கு வேறு பாதைகளும் உண்டு. ஆகவே "கிரெலினை அடக்கும்" என்று பொடி விற்றால் வாங்காதீர்கள். எடை குறைக்க இப்போது பேசப்படும் செமாக்ளூடைட் ஊசியின் வழியும் வேறு. அது ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனின் ஏற்பியைத் தூண்டுகிறது.

கிரெலினை அடக்குவதில் ஓர் ஆபத்தும் உண்டு. கோட் நொதி இல்லாத எலிகளுக்குத் தீனியை 60 சதவீதம் குறைத்தபோது, கொழுப்பு கரைந்ததும் ரத்தச் சர்க்கரை சரிந்து ஒரு வாரத்தில் சாகும் நிலைக்கு வந்தன. சாதாரண எலிகள் அதே பட்டினியைத் தாங்கின. கிரெலினையோ வளர்ச்சி ஹார்மோனையோ செலுத்தியதும் நொதி இல்லாத எலிகளின் சர்க்கரையும் விழாமல் நின்றது.