தானாக எரியாத தூளை எப்படிச் சோதிக்கிறார்கள்?

திருகோணமலையில் மாரி வெள்ளம் வடிந்ததும் கிணறு இறைத்துக் குளோரின் தூள் போடுவது உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வேலை. அந்தத் தூள் விறகுபோலப் பற்றி எரியாது. ஆனாலும் அது வரும் வாளியில் வட்டத்துக்கு மேல் தீச்சுவாலை எரிகிற படம் போட்டிருக்கும். அது ஒட்சியேற்றி என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் மரத்தூளோ சாக்கோ எரிவதற்கு ஒட்சிசனைத் தானே கொடுத்துவிடும். கச்சான் காற்றில் குப்பைத் தீ சீறுவது மாதிரித்தான், ஆனால் இங்கே வெளிக்காற்றே தேவையில்லை, அதனால் மூடி அணைக்கலாம் என்று நினைப்பது ஆபத்து.

சரி, ஒரு புதுத் தூள் ஒட்சியேற்றியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தனியே கொளுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அது எரிபொருளே இல்லையே. அதனால் எரியக்கூடிய ஒன்றோடு கலக்க வேண்டும். ஆபத்தான பொருள்களை வகைப்படுத்தும் ஐ.நா.வின் சோதனைக் கையேட்டில் ஓ.1 என்று ஒரு முறை இருக்கிறது. அதில் செலுலோசு எனும் தாவர நார்த்தூளை 105 பாகை செல்சியசில் 4 மணித்தியாலம் உலர்த்தி எடுக்கிறார்கள். செலுலோசு ஈரத்தை இழுக்கும், கடற்காற்று அடிக்கும் நம்முடைய ஊரில் திறந்து வைத்தால் சும்மா விடாது. ஈரம் ஏறினால் எரியும் நேரம் நீண்டு, ஆபத்தான தூள்கூட சாதுவாகத் தெரியும். இந்த உலர்த்தல்தான் முழுச் சோதனைக்கும் உயிர் என்பேன்.

பிறகு தூளையும் செலுலோசையும் எடையில் 4:1, 1:1 என்று இரண்டு விதமாகக் கலந்து, 30 கிராம் கலவையைப் புனலால் கூம்பாகக் குவிப்பார்கள். அடி விட்டம் 70 மி.மீ. அடியில் 0.6 மி.மீ. தடிப்புள்ள நிக்கல்-குரோமியக் கம்பி, அதற்கு 150 வாற்று மின்சாரம். மின்சாரம் போட்டதிலிருந்து எரிந்து முடியும்வரை நேரம் பார்ப்பார்கள், ஒவ்வொரு கலவைக்கும் ஐந்து தடவை. இரண்டு விகிதம் ஏனென்றால், சில தூள்கள் எரிபொருள் கூடும்போதுதான் வேகத்தைக் காட்டும்.

வெறும் நேரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஒப்பிட ஒன்று வேண்டும். ஒட்சியேற்றி என்று ஏற்கெனவே தெரிந்த பொற்றாசியம் புரோமேற்றும் செலுலோசும் 3:7 விகிதத்தில் கலந்த கூம்பு எரியும் நேரத்துக்குள் நம்முடைய கூம்பும் எரிந்தால் அது ஒட்சியேற்றி, ஐ.நா. வகை 5.1. புரோமேற்றுக் கூடிய 2:3, 3:2 கலவைகளோடும் போட்டியிட்டால் ஆபத்து இன்னும் மேல்தட்டு.

இந்த முறையில் எனக்குப் பிடிக்காத இடம், தீ எப்போது முடிந்தது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவெடுப்பது. கடைசித் தணல் மினுங்கும்போது இரண்டு பேர் இரண்டு நேரம் சொல்வார்கள். புரோமேற்றும் புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருள். அப்புறம் வந்த ஓ.3 முறையில் கூம்பைத் தராசில் வைத்தே எரிக்கிறார்கள். ஒப்பீட்டுக்குக் கல்சியம் பேரொட்சைட்டு. எடை குறைவதைக் கணினி பதிந்துகொண்டே போகும், இழப்பின் 20 வீதத்திலிருந்து 80 வீதம் வரையான பகுதியை மட்டும் எடுத்து வேகம் கணக்கிடுவார்கள். பற்றவைக்கும் தடுமாற்றமும் கடைசித் தணலும் கணக்குக்குள் வராது.

தம்பலகாமத்து வயல்களுக்குப் போடும் யூரியா ஒட்சியேற்றி வகைக்குள் வராது. அமோனியம் நைத்திரேற்று வரும். 2020 ஓகஸ்ட் 4இல் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது அதுதான், அங்கே சேமித்து வைத்திருந்தது ஏறக்குறைய 2,750 தொன்.