எடிட்டிங்கில் பார்த்துக்கலாம் என்று சொல்லாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். கைத்தறி நெய்த தாத்தாவை உட்கார வைத்து 52 நிமிடம் பேட்டி எடுத்திருக்கிறார். கேமரா புதுசு, லென்ஸ் அதைவிட விலை. எட்டடி தள்ளி வைத்து எடுத்தது, தனி மைக் கிடையாது. தலைக்கு மேல் ஃபேன். தாத்தா முதல்முதலில் வாங்கிய கூலியைச் சொல்லும் இடத்தில் அடுக்களையிலிருந்து மூன்று விசில். "வாய்ஸை மட்டும் கொஞ்சம் தூக்கி விடுங்கண்ணா" என்றார். இந்த வருடம் இப்படிக் கேட்கும் ஐந்தாவது ஆள் இவர்.

தூக்கலாம். விசிலும் கூடவே எழுந்து வரும். சாஃப்ட்வேர் இருக்கிறதே என்பீர்கள். ஒரே சீராக ஓடும் ஃபேன் சத்தத்தை ஓரளவு குறைக்கலாம்தான். குரலும் விசிலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டால், விசிலைச் சுரண்டும்போது குரலும் உரிந்து வரும். தாத்தா தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். சட்டையில் ஒரு சாண் தூரத்தில் குத்திய மைக்கோடு ஒப்பிட்டால், எட்டடியில் 20 டெசிபலுக்கு மேல் போச்சு. ஃபேன் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் குறையாமல் அங்கேயே நிற்கும். லட்ச ரூபாய் கேமராவும் இதற்கு ஒன்றும் செய்யாது. ஒரு காலர் மைக், ஒரு ஹெட்ஃபோன், ஃபேனை நிறுத்த ஒரு ஆள். இவ்வளவுதான் கேட்கிறேன். வியர்த்தால் நடுவில் துடைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த தலைவலி, 52 நிமிடமும் ஒரே ஃபிரேம். நடுவில் ஒரு வரியை எடுத்தால் தலை துள்ளுகிறது. அதை மூட வேறு ஷாட் இல்லை. "ஒரே கேமராதானே அண்ணா இருந்தது" என்கிறார். ஒரே கேமரா என்றால் ஒரே ஷாட் என்று யார் சொன்னது? பேட்டி முடிந்ததும் அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் தறியில் நாடாவைத் தள்ளும் கை, மிதிக்கும் கால், சுவரில் தொங்கும் பழைய போட்டோ எல்லாம் எடுக்க வேண்டியதுதானே! ஒவ்வொன்றும் பத்து விநாடியாவது, கையை ஆட்டாமல். கேள்வி கேட்பவரையும் அப்புறம் தனியாக எடுக்கலாம். ஆனால் இருவருக்கும் நடுவே ஓடும் கற்பனைக் கோட்டைத் தாண்டி நிற்காதீர்கள். தாண்டினால் இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

டியூப்லைட் அடியில் திரையில் பட்டை பட்டையாக ஓடுகிறதா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுங்கள், ஷட்டர் வேகம் 1/50 விநாடி. 1/60-ஐத் தொடாதீர்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். மஞ்சள் புடவை ஒன்று குறுக்கே போனால் முகத்தின் நிறமே மாறிவிடும். இரண்டு இடத்தில் காப்பி போடும்வரை, தயவுசெய்து, கார்டை ஃபார்மெட் பண்ணாதீர்கள்.

தம்பியிடம் "தாத்தா நல்லா இருக்காரா?" என்று கேட்டேன். இருக்கிறாராம். "ஆனா அதே மாதிரி மறுபடி சொல்ல மாட்டாரேண்ணா."

சொல்ல மாட்டார்தான். இருந்தாலும் என் காலர் மைக்கைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வரும்போது தறிச் சத்தத்தைத் தனியாக ஐந்து நிமிடம் பதிவு செய்து வரச் சொல்லியிருக்கிறேன், குக்கர் வைக்காத நேரமாகப் பார்த்து.